7.67 மீட்டர்: பள்ளி மைதானத்தில் டிராக் போடும் கணக்கு

ஆண்டு விளையாட்டு விழா வருகிறது என்றால் அழைப்பிதழ், சிறப்பு விருந்தினர், அணிவகுப்பு ஒத்திகை, கோப்பைக்கு ஆர்டர் என்று ஒரு மாதம் பள்ளிக்கூடமே பரபரப்பாக இருக்கும். டிராக் போடும் வேலை மட்டும் முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தொடங்கும். ஒரு பி.இ.டி. (உடற்கல்வி) சார், பத்துப் பிள்ளைகள், ஒரு நைலான் கயிறு, இரண்டு மூட்டை வெள்ளைப் பொடி. மறுநாள் மேடையில் யார் ஏறுகிறார்கள் என்பதில் பாதி அந்தக் கயிற்றிலேயே முடிவாகிவிடுகிறது.

நம் அரசுப் பள்ளிகளில் 400 மீட்டர் டிராக்குக்கு இடமிருப்பது அபூர்வம். 200 மீட்டர் டிராக் பல இடங்களில் போட்டுவிடலாம். ஆறு லேனுக்கு (ஆளுக்கு ஒன்றாகப் பிரித்த ஓடுபாதை) சுமார் 93 மீட்டர் நீளமும் 53 மீட்டர் அகலமும் வேண்டும். சுற்றிலும் ஒரு மீட்டராவது காலி இடம் விடவேண்டும் என்பதால் 95-க்கு 55 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி. நேர்ப்பகுதி இரண்டும் தலா 40 மீட்டர். மீதி 120 மீட்டர் இரண்டு வளைவுக்கும் சேர்த்து, ஆகவே வளைவுக்கு 60. அரைவட்டம் 60 மீட்டர் வரவேண்டுமானால் ஆரம் 19.10 மீட்டர். ஆனால் இது கோடு போடும் ஆரம் இல்லை, ஓடுகிற ஆரம். யாரும் கோட்டின்மேலேயே கால்வைத்து ஓடுவதில்லை. உள்பக்கம் மேடாகக் கட்டிய விளிம்பு இருந்தால் அதிலிருந்து 30 செ.மீ. தள்ளியும், வெறும் கோடு மட்டும் என்றால் 20 செ.மீ. தள்ளியும் தூரத்தை அளக்க வேண்டும் என்பது விதி. நம்முடையது வெறும் பொடிக்கோடு. எனவே கோட்டின் ஆரம் 18.90 மீட்டர். பல மைதானங்களில் இந்த 20 செ.மீ.யை மறந்து 19.10-லேயே கோட்டைப் போட்டுவிடுகிறார்கள். சுற்று ஒன்றேகால் மீட்டர் கூடிப்போகும்.

மைதானத்தின் நடுவில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகளை அடியுங்கள். வளைவுகளின் மையம் இவைதான். ஒவ்வொரு கம்பியிலிருந்தும் இரு பக்கமும் செங்குத்தாக 18.90 அளந்து முளை அடித்தால் நேர்ப்பகுதியின் நான்கு முனைகளும் கிடைத்துவிடும். செங்குத்து என்பதைக் கண்ணளவில் விடாதீர்கள். கொத்தனார் வீட்டுக்கு மூலைமட்டம் பார்ப்பதுபோல 9, 12, 15 மீட்டர் முக்கோணம் போட்டுப் பாருங்கள். பிறகு நான்கு முளைகளுக்கும் குறுக்கே மூலைவிட்டம் அளந்து பார்க்கவேண்டும். இரண்டுமே 55 மீட்டர் 3 செ.மீ. சுமாருக்கு வரவேண்டும். ஒன்று 54.80, மற்றது 55.25 என்று வந்தால் செவ்வகம் சாய்ந்திருக்கிறது. அங்கேயே நின்று சரிசெய்யுங்கள். பொடி விழுந்தபின் யாருக்கும் திருத்த மனசு வராது.

வளைவு போட நைலான் கயிறு ஆகாது. இழுக்கிற கைக்குத் தகுந்தபடி அது நீளும். ஆரத்தில் 10 செ.மீ. கூடினால் முழுச் சுற்றில் 63 செ.மீ. கூடும். ஒரு வளைவை ஒன்பதாம் வகுப்புப் பையனும் இன்னொன்றைப் பன்னிரண்டாம் வகுப்புப் பையனும் இழுத்தால் இரண்டு வளைவும் இரண்டு அளவில் நிற்கும். கட்டுக்கம்பியை முறுக்கி, ஒரு முனையில் கம்பி நுழைகிற வளையமும் மறுமுனையில் ஆறங்குல ஆணியும் வைத்துக் கட்டுங்கள். அல்லது 50 மீட்டர் எஃகு டேப்பையே பயன்படுத்துங்கள். ஆணியால் மண்ணில் கீறிக்கொண்டே போனால் வளைவு விழும். கீறல் முதலில், பொடி பிறகு.

லேன் அகலம் 1.22 மீட்டர். என்ன இது, 1.20, 1.25 என்று முழுசாக வைக்கக்கூடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழைய நாலடிக் கணக்கு அது. குண்டு எறியும் வட்டத்தின் 2.135 மீட்டரும் அப்படித்தான், ஏழு அடி. கோடு 5 செ.மீ. அகலம். ஒரு லேனின் வலப்பக்கக் கோடு அந்த லேனின் 1.22-க்குள் அடக்கம். ஆகவே கீறல்தான் அளவு, பொடி எப்போதும் கீறலுக்கு உள்பக்கமாக விழவேண்டும். இதைப் பொடி போடுகிற பிள்ளைகளிடம் சொல்லிவைக்காவிட்டால் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, ஒருவர் கீறலின்மேலே என்று போட்டுவைப்பார்கள்.

இப்போது ஸ்டேகர். வெளி லேனில் ஓடுகிறவருக்குச் சுற்று பெரியது, அதனால் அவரை முன்னே நிறுத்துகிறோம். எவ்வளவு முன்னே? ஒரு லேன் வெளியே போனால் ஆரம் 1.22 கூடுகிறது, சுற்று 2 பை மடங்கு 1.22, அதாவது 7.67 மீட்டர் கூடுகிறது. இதில் மைதானத்தின் அளவு எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 200 மீட்டர் டிராக்காக இருந்தாலும் 400 மீட்டர் டிராக்காக இருந்தாலும் ஒரு முழுச் சுற்றுக்கு லேனுக்கு லேன் வித்தியாசம் அதே 7.67-தான். (உள்விளிம்பு கட்டிய பெரிய டிராக்கில் முதல் லேனுக்கு 30, மற்றவைக்கு 20 செ.மீ. என்று அளப்பதால் இரண்டாம் லேனுக்கு மட்டும் 7.04 வரும். அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துவந்து பொடிக்கோட்டு டிராக்கில் போட்டால் இரண்டு முதல் ஆறு வரை எல்லா லேனும் 63 செ.மீ. கூடுதலாக ஓடும்.) வட்டத்தின் சுற்றளவைக் கரும்பலகையில் மட்டும் பார்த்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் டேப்பைக் கொடுத்து இந்த எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். டிராக் போடுவதை வேலையாக வாங்காமல் பாடமாகக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆகவே 200 மீட்டர் ஓட்டத்துக்கு முதல் லேன் முடிவுக் கோட்டிலேயே தொடங்கும். இரண்டாம் லேன் 7.67, மூன்றாவது 15.33, நான்காவது 23.00, ஐந்தாவது 30.66, ஆறாவது 38.33 மீட்டர் முன்னே. 100 மீட்டரை அரைச்சுற்றாக ஓட்டினால் இவற்றில் சரிபாதி: 3.83, 7.67, 11.50, 15.33, 19.16.

எண்கள் சரியாக இருந்தும் தப்பு நடப்பது அளக்கிற இடத்தில். இந்தத் தூரம் அந்தந்த லேனின் உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே, வளைவின்மேல் அளக்கவேண்டியது. டேப்பை வளைவில் படுக்கவைப்பது கஷ்டம் என்று கோட்டின்மேலேயே அளப்பார்கள். ஆறாம் லேனில் உள்கோட்டில் 38.33 அளந்தால் ஓடுகிறவருக்கு 31 செ.மீ. லாபம். வெளிக்கோட்டில் அளந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நஷ்டம். இன்னும் மோசமானது டேப்பை முனைக்கு முனை நேராக இழுத்துவிடுவது. அப்போது அளக்கப்படுவது வில் இல்லை, நாண். ஆறாம் லேனில் நேராக 38.33 இழுத்தால் வளைவில் அது 43.55. ஐந்து மீட்டருக்குமேல் இனாம்! அந்தப் பிள்ளை ஜெயித்தால் யாருக்கும் சந்தேகம்கூட வராது, ‘இன்னைக்கு நல்லா ஓடிச்சு’ என்பார்கள். ஒரு மீட்டர் கழியை வைத்து, 20 செ.மீ. தள்ளிக் கீறிய துணைக்கோட்டின்மேல் மீட்டர் மீட்டராக நகர்த்துங்கள். பிசகு ஒன்றிரண்டு செ.மீ.க்குமேல் போகாது.

தூரம் என்பது தொடக்கக் கோட்டின் பின்விளிம்பிலிருந்து முடிவுக் கோட்டில் ஓடிவருகிறவர் பக்கம் இருக்கும் விளிம்புவரை. முதலாவது கோடு தூரத்துக்குள் சேரும், கடைசிக் கோடு சேராது.

400 மீட்டர் இரண்டு சுற்று. இரண்டையும் லேனிலேயே ஓட்டலாம், ஸ்டேகர் இரட்டிப்பாகும். ஆறாம் லேன்காரர் கிட்டத்தட்ட எதிர்ப்பக்க நேர்ப்பகுதிக்கே போய் நிற்பார், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. உள்ளரங்க டிராக்குகளில் செய்வதுபோல முதல் இரண்டு வளைவுகளை மட்டும் லேனில் ஓடவைத்து, பிறகு உள்ளே சேரவிடுவது நல்லது. ஒரு சுற்றின் ஸ்டேகர் போதும். சாய்வாக உள்ளே வருவதால் கூடுகிற தூரத்துக்கு இரண்டாம் லேனுக்கு 2 செ.மீ., நான்காவதுக்கு 17, ஆறாவதுக்கு 46 செ.மீ. சேர்த்து முன்னே தள்ளுங்கள். எங்கிருந்து உள்ளே சேரலாம் என்பதற்கு ஒரு கோடும் அதன் ஓரத்தில் ஒரு கொடியும் கட்டாயம். இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே ஆறு பேரும் முதல் லேனில் முட்டிக்கொள்வார்கள்.

இவ்வளவு கச்சிதமாக அளந்தாலும் முதல் லேனுக்கு அநியாயம்தான். 19 மீட்டர் ஆரத்தில் வேகமாக வளைந்து ஓடுவது வெளி லேனில் ஓடுவதைவிடக் கடினம். உலக உள்ளரங்க சாம்பியன்ஷிப்பில் 2004-க்குப் பிறகு 200 மீட்டர் ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள், உள் லேன்களில் வருகிறவருக்கு வாய்ப்பே இல்லை என்பதால். பள்ளியில் அப்படி எடுத்துவிட முடியாது. லேனைச் சீட்டுப் போட்டுக் கொடுக்கலாம். ‘நம்ம ஸ்கூல் ஸ்டார்’ என்று யாரையும் நாலாம் லேனில் நிறுத்தாமல் இருக்கலாம்.

100 மீட்டரை நேராகத்தான் ஓடவேண்டும் என்று மைதானத்தின் மூலைக்கு மூலை கோடு போடுகிற பள்ளிகள் உண்டு. மேலே சொன்ன மைதானத்தின் மூலைவிட்டம் சுமார் 110 மீட்டர். 100 போக பத்து மீட்டர் மிச்சம், அதற்கப்பால் மதில். முடிவுக் கோட்டுக்குப் பின்னால் 17 மீட்டராவது காலியாக இருக்கவேண்டும் என்பது விதி. முழுவேகத்தில் வருகிற பிள்ளை பத்து மீட்டரில் நிற்காது. கையை மதிலில் ஊன்றும், மணிக்கட்டு போகும். இடமில்லை என்றால் நேர் ஓட்டத்தை 80 மீட்டராக வையுங்கள், அல்லது அரைச்சுற்றாக ஓட்டுங்கள்.

பொடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மலிவு என்று கிளிஞ்சல் சுண்ணாம்பையோ நீற்றாத சுண்ணாம்பையோ போடவே கூடாது. தண்ணீர் பட்டால் அது கொதிக்கும், வியர்த்த காலையும் கண்ணையும் பொசுக்கும். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகள்தான் நம்மிடம் அதிகம். வெள்ளைக் கல்லை அரைத்த கோலப்பொடிதான் சரி. ஏழு கோடுகளின் மொத்த நீளம் ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டும். ஐந்து செ.மீ. அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் போட்டாலே சுமார் 100 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை நான்கு. பணம் குறைவென்றால் முதல் கோடும் கடைசிக் கோடும் முழுசாக, நடுவில் உள்ளவை இடைவெளி விட்டு விட்டு. ஸ்டேகர் கோடுகளிலும் முடிவுக் கோட்டிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு ரீப்பர் கட்டைகளை 5 செ.மீ. இடைவெளியில் ஆணியடித்து, நடுவே துளை போட்ட டின்னால் தட்டிக்கொண்டே போனால் கோடு நூல் பிடித்ததுபோல விழும். முதல் நாள் கீறல், மறுநாள் விடியலில் பனி ஈரத்தோடு பொடி. சாயங்காலமே போட்டால் ராத்திரிக் காற்றிலும் நாய்க் காலிலும் பாதி போய்விடும். அதற்கு முன்னே, கைக்குக் கை எட்டும் தூரத்தில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து மைதானத்தை ஒருமுறை நடக்கவிடுங்கள். ஓட்டுச்சில், நெருஞ்சி முள், பாட்டில் உடைசல் எல்லாம் ஒரு வாளி சேரும்.

தொடர் ஓட்டத்தில் பேட்டன் மாற்றும் பகுதி 4×100-க்கு இப்போது 30 மீட்டர். பழைய 20 மீட்டரும் அதற்குமுன் 10 மீட்டர் வேகமெடுக்கும் இடமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அந்தந்த லேனின் 100 மீட்டர் புள்ளியிலிருந்து பின்னால் 20, முன்னால் 10. பேட்டன் கைமாறும்போது அது எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. கால் எங்கே இருக்கிறது என்பதில்லை. இதைத் தெரியாத நடுவர் கோட்டைத் தாண்டிக் கால் வைத்த பிள்ளையைத் தகுதிநீக்கம் செய்துவிடுவார். பேட்டன் விழுந்தால் நழுவவிட்டவரேதான் எடுக்கவேண்டும். 28 முதல் 30 செ.மீ. நீளம், 50 கிராமுக்குக் குறையாத எடை என்றால் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை அறுத்தே செய்துகொள்ளலாம். ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்க மறக்காதீர்கள்.

குண்டு எறிதலில் குண்டு விழவேண்டிய பகுதியின் இரண்டு எல்லைக்கோடுகளுக்கும் இடையே 34.92 டிகிரி கோணம் என்று விதியில் பார்த்துவிட்டுப் பாகைமானியைத் தேட வேண்டாம். வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டர் தூரத்தில் இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி 12 மீட்டர் இருந்தால் அந்தக் கோணம்தான். பத்து மீட்டரில் ஆறு. குண்டு விழுகிற இடத்தை முதல் நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்தால்தான் தடம் தெரியும், காய்ந்த தரையில் அது துள்ளி உருண்டுவிடும். தடத்தில் வட்டத்துக்கு மிக அருகான இடத்தில் டேப்பின் சுழியம், மறுமுனையை வட்டத்தின் மையம்வரை இழுத்து, வளையத்தின் உள்விளிம்பில் வாசிக்கவேண்டும். குண்டைத் திருப்பிக் கொண்டுவரும் பிள்ளை கையில் எடுத்து நடந்துதான் வரவேண்டும். உருட்டிவிடுவதோ வீசுவதோ கூடாது. விளையாட்டு விழாவில் கால்விரல் நசுங்குவது அப்படித்தான்.

நீளம் தாண்டலில் எல்லாம் மணலில் இருக்கிறது. ஆற்றுமணலை மண்வெட்டியால் ஒரு முழமாவது கிளறி, தண்ணீர் தெளித்து, தாண்டும் பலகையின் மட்டத்துக்கே நிரவுங்கள். மணல் தாழ்வாக இருந்தால் தூரம் கூடும், மேடாக இருந்தால் குறையும். அளப்பது தாண்டும் கோட்டுக்குச் செங்குத்தாக, பலகையை நோக்கி மிக அருகில் உடம்பு பட்ட இடத்திலிருந்து. நன்றாகத் தாண்டிவிட்டுப் பின்னால் கையை ஊன்றி ஒரு முழத்தை இழப்பது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். முன்புறமாக எழுந்து வெளியேறப் பழக்குங்கள்.

உயரம் தாண்டலுக்கு ஸ்பாஞ்ச் மெத்தை இல்லாத பள்ளி என்றால் கத்தரிக்கோல் முறை மட்டும்தான், காலில்தான் இறங்கவேண்டும். டிவியில் பார்த்துவிட்டு முதுகு கொடுத்துத் தாண்ட ஒரு பிள்ளை முயலும். மணலில் அதை ஒரு தடவைகூட அனுமதிக்கக்கூடாது, கழுத்து விவகாரம். இந்தப் போட்டியில் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளை ஓரத்தில் உட்காரவைக்கிற பழக்கமும் போகவேண்டும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவர்.

நேரம் எடுப்பது தனிக் கலை. விசில் சத்தம் 100 மீட்டர் தாண்டிக் காதுக்கு வர கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். சத்தத்துக்கு வாட்சை அழுத்தினால் ஓடியவருக்கு 0.3 விநாடி சும்மா கிடைக்கும். எனவே விசிலுக்குப் பதில் இரண்டு கட்டைகளைத் தட்டி ஓட்டத்தைத் தொடங்கிவைத்து, சத்தத்தைக் கேட்காமல் கட்டைகள் சேர்வதைக் கண்ணால் பார்த்து வாட்சை அழுத்தவேண்டும். கட்டைக்குக் கறுப்புப் பெயின்ட், பின்னால் வெள்ளைச் சட்டை என்றால் தூரத்திலிருந்தும் தெரியும். மூன்று வாட்ச் இருந்தால் நடுவில் வருகிற நேரம். இரண்டுதான் என்றால் அதிகமானது. கையால் எடுத்த நேரத்தை மேல்நோக்கியே திருத்தவேண்டும்: 12.31 காட்டினால் 12.4. முடிவுக் கோட்டில் பார்க்கவேண்டியது மார்பு, நீட்டிய கையோ தலையோ அல்ல. முதலிடம் பார்க்க ஒருவர், இரண்டாமிடம் பார்க்க ஒருவர், மூன்றாமிடம் பார்க்க ஒருவர் என்று கோட்டின் நேருக்கு மேசைமேல் ஏறி நிற்கட்டும். எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தால் எல்லாருக்கும் முதலாவது வந்தவர் மட்டும்தான் நினைவிருக்கும். 800 மீட்டர் நான்கு சுற்று. ஒரு சுற்று பின்தங்கிய பிள்ளை முன்னால் ஓடுகிறவரோடு சேர்ந்து வந்து இடம் வாங்கிவிடும், ஆகவே நாலு பேருக்கு ஒருவர் என்று சுற்று எண்ணுவதற்கு ஆள் போடுங்கள். கடைசிச் சுற்றுக்குப் பள்ளி மணியையே அடித்துவிடலாம்.

அணிவகுப்பு, கொடியேற்றம், உறுதிமொழி பற்றியெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள், விருந்தினர் தாமதமானால் தகுதிச்சுற்றுகளை ஆரம்பித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு என்று கேட்டால், விழாவோடு கதை முடிவதில்லை. இங்கே ஜெயித்த பிள்ளை பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டிக்குப் போகும், அங்கிருந்து வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம். பள்ளியில் 12.4 ஓடிய பெண் மாவட்டத்தில் 13 ஓடினால் ‘பயந்துட்டா’ என்பார்கள். பயமாக இருக்காது. கையால் எடுத்த நேரத்துக்கும் மின்னணு நேரத்துக்கும் 100 மீட்டரில் வழக்கமாக வைக்கும் வித்தியாசமே 0.24. அதன்மேல் பள்ளி டிராக் ஒரு மீட்டர் குறைவாக இருந்திருந்தால் இன்னும் 0.12 போகும். மிச்சமும் விசில் சத்தத்துக்கு அழுத்திய வாட்சிலேயே அடங்கிவிடும். பிள்ளை அதே வேகத்தில்தான் ஓடியிருக்கிறது.

அதனால் சாதனைப் பதிவேட்டில் பெயர், எமிஸ் எண் (மாணவர் அடையாள எண்), நேரம் மட்டும் போதாது. டிராக்கின் அளவு, எந்த லேன், நேரான ஓட்டமா வளைவா, எத்தனை வாட்ச், குண்டின் எடை எல்லாம் அதே வரியில் இருக்கட்டும். பதிவேட்டின் முதல் பக்கத்தில் அடுத்த வருஷத்துக்காக ஒரு குறிப்பும் வேண்டும். இரண்டு மையக் கம்பிகளையும் தரைக்கு அரை அடி கீழே, கால் படாத ஆழத்துக்கு அடித்து மூடிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவு எழுதிவையுங்கள்: கொடிக்கம்பத்தின் அடியிலிருந்து இத்தனை மீட்டர், தண்ணீர்த்தொட்டியின் கிழக்கு மூலையிலிருந்து இத்தனை மீட்டர். மரத்தைக் குறியாக வைக்காதீர்கள், வெட்டிவிடுவார்கள்.